வெண்மணலின் மலைநாட்டுப் பிறப்பிடம்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு திகனவையும் தெல்தெனியவையும் கடந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கீழே விட்டுவிட்டு, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815ஆம் ஆண்டில் பிடிபட்ட மெதமஹநுவரப் பிரதேசத்தின் வழியே மேலேறி, தும்பறை மலைத்தொடரின் தோளை எட்டும் இடத்தில் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. அங்கு நின்று எந்தத் திக்கில் நோக்கினாலும் மலையும் காடும் தேயிலையுமே கண்ணிற்படும். சமுத்திரத்தின் வாடை கூட அங்கு எட்டுவதில்லை. ஆயினும், கிழக்கிலங்கைக் கடற்கரைகளில் காலடியில் நெரியும் வெண்மணலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதன் முதல் அத்தியாயத்தை இத்தகைய மலைகளிலேயே தேடவேண்டும் என்பதும், அந்த மலைகளின் சரித்திரத்தைத் தேடப் புகுவோர் மீண்டும் ஒரு பழைய கடலிடத்திற்கே போய்ச் சேருவர் என்பதும், பூமி சாஸ்திரம் நமக்குக் கற்பிக்கும் உண்மைகளுள் மிகவும் விசித்திரமானவை.

ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் மலைநாட்டு மக்கள் பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்வருவது வழக்கம். கோணேசர் கோயிலைத் தரிசித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி, வெயில் தாழும் வேளையில் நிலாவெளிக் கரைக்கு வந்து சேருகிறவர்கள், அங்கே கூட்டமும் கூச்சலும் இல்லாமல் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் வெண்மணலைக் கண்டு, இது என்றும் இப்படியே இருப்பது போலும் என்று எண்ணுவார்கள். உண்மையில் அந்தக் கரை ஆண்டுக்கு ஒருமுறை மெலிந்து ஒருமுறை பருப்பது. கார்த்திகை தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிவரும் உயர்ந்த அலைகள் கரை மணலை அரித்து, சற்றுத் தூரத்தில் நீருக்கடியில் ஒரு திட்டாகக் குவித்துவிடுகின்றன. காற்று அடங்கியபின் இடைவெளி விட்டு வரும் தணிந்த அலைகள், அதே திட்டிலிருந்து சிறிது சிறிதாக மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் திரும்பச் சேர்க்கின்றன. சித்திரைக்குப் பின் செல்லும் பயணி காண்பது, கடல் தான் எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்ட கரையை. அப்படித் திரும்பி வந்த மணலை மேலும் காற்று அள்ளிப் போகாதபடி, அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தம் வேர்களாலும் தண்டுகளாலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, உருப்பெருக்குக் கண்ணாடியின் வழியே பார்ப்பவர்களுக்கு அது ஒரே ஜாதி மணல் அல்ல என்பது உடனே விளங்கும். சில மணிகள் பளிங்கு போல ஒளி ஊடுருவும் தன்மையுடன், மூலைகள் மழுங்கி இருக்கும். வேறு சில பால் வெண்மையாய், ஒளி புகாதவையாய், நுண்ணிய துளைகளோ வரிகளோ உடையனவாய் இருக்கும். அவற்றிடையே சிப்பியின் விளிம்பு ஒன்றும், முள்ளெலி போன்ற உருவமுள்ள கடல்வாழ் உயிரின் ஒடிந்த முள் ஒன்றும் கூடத் தென்படலாம். அவற்றின்மேல் ஒரு துளி எலுமிச்சஞ்சாறோ வினாகிரியோ விட்டால், பால் வெண்மை மணிகளின் ஓரத்தில் சின்னஞ்சிறு குமிழிகள் கிளம்பும். பளிங்கு மணிகளோ அசையாமல் கிடக்கும். குமிழி விடுவது சுண்ணாம்பு மணல். அது கடலில் வாழ்ந்த பிராணிகளின் கூடு. அசையாதது குவார்ட்ஸ் என்னும் படிக மணல். அது மலையில் இருந்த பாறையின் எச்சம். படிகத்திற்குத் தனக்கென ஒரு நிறமும் இல்லை. ஒரு பெரிய கற்கண்டு கட்டி கண்ணாடி போல் இருக்க, அதையே இடித்த பொடி வெள்ளையாகிவிடுவது போல, எண்ணிறந்த சிறு மணிகளின் எண்ணிறந்த முகங்களில் சூரிய ஒளி பட்டுச் சிதறித் திரும்புவதால், நிறமற்ற மணிகளின் குவியல் வெண்மையாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது.

சுண்ணாம்பு மணலின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட புறாத்தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. பவளம் என்பது நுண்ணிய பிராணிகள் கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தமக்கென்று கட்டிக்கொள்ளும் வீடு. அந்த வீட்டை அலை உடைக்கிறது. துளைபோடும் உயிர்கள் அரிக்கின்றன. எல்லாவற்றையும்விட மும்முரமாகக் கிளிமீன்கள் அதைக் கொறிக்கின்றன. பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகு போல ஆகிவிட்ட இம்மீன்கள், பவளப்பாறையின்மேல் படிந்த பாசியைத் தின்பதற்காகப் பாறையையும் சேர்த்துச் சுரண்டி, தொண்டையில் இருக்கும் இன்னொரு ஜோடி அரைவைப் பற்களால் பொடியாக்கி, சத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மணலாக வெளியேற்றிவிடுகின்றன. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த சார்ள்ஸ் டார்வின், 1836ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இந்து சமுத்திரத்தின் கீலிங் தீவுகளை அடைந்தபோது, பவளத்தை மேய்ந்து வாழும் இந்த மீன்களைக் குறித்து எழுதி வைத்தார். மாலைதீவின் வக்காரு தீவைச் சூழ்ந்த பவளப்பாறையில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கிளிமீன்களின் உற்பத்தியே என்று கணக்கிட்டது. மாலைதீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. அங்குள்ள தேசம் முழுவதும் உயிர்களின் உழைப்பால் ஆனது. இலங்கைத் தீவு அப்படியன்று. இங்கே பவளம் தருவது ஒரு பங்குதான். மற்றப் பங்கு மலையிலிருந்து வரவேண்டும்.

மலை எப்படி மணலாகிறது என்பதை ஹுன்னஸ்கிரியவில் நின்றே காணலாம். தும்பறை மலைகள் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறுபவை. விழுகின்ற மழைநீர் ஆகாயத்தில் உள்ள கரியமில வாயுவைச் சிறிது உட்கொண்டே வருகிறது. மண்ணில் இறங்கி, அழுகும் இலைகளிடையிலும் மூச்சுவிடும் வேர்களிடையிலும் புகுந்தபின், அந்த வாயு இன்னும் பன்மடங்கு சேர்ந்து, அது மெல்லிய அமிலமாகவே ஆகிவிடுகிறது. இந்த அமிலம் ஆண்டாண்டாய்ப் பாறையை நனைக்கையில், பாறையில் அதிகமாய் உள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் தன் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சுண்ணத்தையும் இழந்து, பிசுபிசுத்த களிமண்ணாக மாறிவிடுகிறது. அப்பிரகமும் செந்நிறக் கார்னெட்டும் சிதைந்து, அவற்றிலிருந்த இரும்பு துருப்பிடித்து, மலைநாட்டு மண்ணுக்கெல்லாம் அந்தச் செம்மை நிறத்தைக் கொடுக்கிறது. இத்தனை அழிவுக்கிடையிலும் படிகம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கத்தியால் கீறினாலும் கீறல் விழாத கடினமும், மழைநீரின் அமிலத்திற்குச் சற்றும் இளகாத ரசாயன உறுதியும் அதற்கு உண்டு. ஆகவே பாறை மக்கிப் போகும்போது, முன்பு அதில் ஒரு சிறு பங்காக இருந்த படிகமே, பின்னர் உதிர்ந்து கிடக்கும் பொருளில் பெரும் பங்காகிவிடுகிறது.

பலத்த மழை பெய்து ஓய்ந்த பின்பு, தேயிலை மலைகளில் தூர்களுக்கிடையே வெட்டிவிட்ட கான்களில், அல்லது உடதும்பரைப் பக்கம் தெரு வளையும் இடங்களில் ஓரமாக ஓடும் நீர்த்தாரையில், இந்தப் பாகுபாட்டைச் சிறிய அளவில் முழுமையாகப் பார்க்கலாம். சிவந்த நீர் கலங்கலாகவே கீழே ஓடிப் போய்விடும், அதுதான் களிமண். வேகம் தணிகின்ற வளைவில், கழுவப்பட்ட வெண்மணிகள் விசிறி போல் பரவி நிற்கும். அவ்விசிறியின் மேல்விளிம்பில், கறுப்பு மையால் கோடு இழுத்தாற்போல, கனத்த கருமணிகள் வரிசையாய்ப் படிந்திருக்கும். மேலே அப்பிரகத் தகடுகள் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டு முழ நீளமுள்ள அந்தக் கான் செய்கின்ற காரியத்தையே, மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளத்தில் செய்கிறது.

இம்மலைகளின் மேற்கு, தெற்குச் சரிவுகளின் நீர் ஹுலு கங்கை முதலிய ஓடைகளாகி, இப்பொழுது விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கும் பள்ளத்தாக்கில் மகாவலியுடன் சேருகிறது. லூல்வத்தைக்கு மேலே கோபெட் கணவாயைக் கடந்தால், மீமுறைக் கிராமத்துப் பக்கத்து நீர் ஹீன் கங்கையாகக் கிழக்கு நோக்கி இறங்கி, சமவெளியில் அதே மகாவலியை அடைகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் நீரைத் திரட்டிக்கொண்டு அந்தப் பெருநதி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறு என்ற பெயருடன் பிரிந்து, முருகன் கோயில் கொண்டிருக்கும் வெருகலின் வழியே தெற்கே கடலைச் சேர்கிறது. களிமண் நீரில் மிதந்தே போய்விடும். மணலோ ஆற்றின் அடித்தளத்தில் உருண்டும் குதித்தும் தான் போகவேண்டும். ஒரு பெருவெள்ளத்தில் சிறிது தூரம் நகரும். வெள்ளம் வடிந்ததும் ஏதேனும் ஒரு திட்டில் அடுத்த பெருவெள்ளம் வரையில், சில சமயம் தலைமுறைகள் கணக்காய், கிடந்துவிடும். ஒரு மணல்மணி மலையிலிருந்து புறப்பட்டுக் கடலைக் காண்பதற்குள், அதன் இரு மருங்கும் ராஜ்யங்கள் எழுந்து அழிந்துபோயிருக்கும்.

கடலைக் கண்ட பின்பும் எல்லா மணலும் கரைக்கு வந்துவிடுவதில்லை. கொட்டியாரக் குடாவின் அடியில் ஒரு மாபெரும் பள்ளம் தொடங்கிக் கடலுக்குள் இறங்கிச் செல்கிறது. திருகோணமலைத் துறைமுகம் பெரிய கப்பல்களெல்லாம் நுழையும் ஆழம் பெற்றதற்கும், கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே திமிங்கிலங்களைக் காண முடிவதற்கும் அதுவே காரணம். மகாவலி கொணரும் மணலில் ஒரு பெரும் பங்கு அப்பள்ளத்தில் சரிந்து, மூவாயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்தை நோக்கிப் போய்விடுகிறது; அது திரும்பிக் கரைக்கு வருவதற்கு வழியில்லை. அப்படியானால் பள்ளத்திற்கு வடக்கே உள்ள நிலாவெளிக்கு இத்தனை மணல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். யான் ஓயா போன்ற சிற்றாறுகள் ஒரு பங்கு தந்தன. மற்றொரு பங்கு மிகப் பழைய சேமிப்பு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் நீர் பெருமளவில் துருவப் பிரதேசங்களில் பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதற்கு 120 மீற்றர் கீழே இருந்தது. இன்று நீருக்குள் மூழ்கியிருக்கும் சமவெளிகளின்மீது அன்று ஆறுகள் ஓடி மணலைப் பரப்பின. பனி உருகிக் கடல் ஏறியபோது, அலைகள் அந்த மணலைத் தமக்கு முன்னே தள்ளிக்கொண்டே வந்து, இன்றைய கரைகளில் சேர்த்தன. ஆகவே நாம் மிதிக்கும் கரைமணலில் பெரும் பகுதி முன்னோர் வைத்துப்போன முதலுக்கு ஒப்பானது. அதற்கு ஆண்டுதோறும் வந்து சேரும் வட்டி மிகக் குறைவு.

நிலாவெளியிலிருந்து இன்னும் வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கரை வெள்ளையன்று, கருமை. ஹுன்னஸ்கிரியவின் கானில் ஒரு கோடாகக் கண்ட கருமணிகளே அங்கு ஒரு பெருஞ் சுரங்கமாய்க் குவிந்திருக்கின்றன. அதை எடுத்துப் பிரிப்பதற்காகவே 1957ஆம் ஆண்டில் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. படிகத்தின் எடை அதே அளவுள்ள நீரின் எடையைப் போல் ஏறக்குறைய 2.65 மடங்கு, அக்கருமணிகளுள் முக்கியமான இல்மனைட்டு என்னும் கனிமத்தின் எடையோ 4.7 மடங்கு. கரையேறும் அலை இரண்டையும் சேர்த்தே தூக்கி வந்தாலும், வலிமை குன்றித் திரும்பும் நீர் இலேசான படிகத்தை மட்டும் இழுத்துக்கொண்டு கனத்ததை விட்டுச் செல்லும்; இவ்வாறு ஆயிரமாயிரம் ஆண்டுகள் அலை புடைத்தெடுத்ததன் பலனே அந்தக் கருங்கரை. இல்மனைட்டிலிருந்தும் அதனுடன் கிடைக்கும் ரூட்டைல் என்னும் கனிமத்திலிருந்தும் வெள்ளைச் சாயத்திற்கு உதவும் டைட்டேனியம் கிடைக்கிறது என்பது வேறொரு விநோதம்.

அந்தக் கனத்த மணிகளிடையே சிர்க்கோன் என்ற ஒன்றும் உண்டு. படிகத்தைவிடவும் அழிவற்றது அது. பிறக்கும்போது தன்னுள் சிறிது யுரேனியத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த யுரேனியம் ஒரு நிச்சயமான கதியில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டின் விகிதத்தையும் அளந்தால் மணியின் வயது தெரிந்துவிடும். இலங்கை உயர்நிலத்தின் குவார்ட்சைட்டுப் பாறைகளில் பொதிந்திருந்த சிர்க்கோன் மணிகளை அவ்வாறு அளந்து 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், அவற்றின் வயது சுமார் 240 கோடி ஆண்டிலிருந்து 320 கோடி ஆண்டு வரை என்று கண்டார்கள். இது எதைக் காட்டுகிறது? அப்பாறை தோன்றுவதற்கு முன்பே, அதிலுள்ள மணிகள் வேறு ஏதோ மலைகளில் பிறந்து, உதிர்ந்து, நீரால் அள்ளப்பட்டு, ஒன்றாய்க் கலந்து படிந்தவை என்பதைக் காட்டுகிறது. குவார்ட்சைட்டு என்பது வேறொன்றுமன்று; மணல் இறுகி மணற்கல்லாகி, அது பூமியின் ஆழத்தில் வெந்து மீண்டும் படிகமாகிய பாறை. தும்பறை மலைத்தொடரில் வெள்ளை வெளேரென்று முகடுகளில் துருத்தி நிற்கும் குவார்ட்சைட்டு, ஒரு காலத்தில் ஆழங்குறைந்த கடலிலோ ஆற்றுவாயிலோ கரையிலோ அலைபட்டுக் கிடந்த வெண்மணல்!

அந்தக் குவார்ட்சைட்டுக்குத் துணையாக, திகனப் பக்கத்தில் வெட்டி எடுக்கப்படும் சலவைக்கல் இருக்கிறது. கடலடியில் படிந்த சுண்ணாம்புப் படிவே வெந்து சலவைக்கல்லாகும். நிலாவெளியில் உள்ளங்கையில் கண்ட அந்த இரு வகை மணலுக்கும் சரியான முன்னோர்கள் கண்டிச் சீமையில் பாறையாய் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாமல் குறிப்பிட வேண்டும்: அந்தப் பழைய சுண்ணம் படிந்த காலத்தில் பவளமும் இல்லை, சிப்பியும் இல்லை, நுண்ணுயிர்களும் கடல்நீரின் ரசாயனமுமே அதைப் படியவைத்தன. பின்னர், சுமார் 61 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி, கொண்டுவானா என்னும் பெருநிலம் உருவாகியபோது, இப்படிவுகள் இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு அமிழ்த்தப்பட்டு, எண்ணூறு பாகை உஷ்ணத்தையும் கடந்து புழுங்கின. அதே மோதலில் சமைந்த பாறைகள் தென்னிந்தியாவின் தென்கோடியிலும் உள்ளன. அண்டார்ட்டிக்காவின் பனிக்கடியிலும் உள்ளன.

இந்தச் சலவைக்கற்களை விஞ்ஞான முறைப்படி முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம்மவர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு மனம் இடங்கொடவில்லை. சிவ நடனத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கியவராகவே எல்லோரும் அறிந்திருக்கும் ஆனந்த குமாரசுவாமி, தம் வாழ்க்கையைப் பூமி சாஸ்திரியாகவே தொடங்கினார். இலங்கையின் பளிங்குருவான சுண்ணாம்புக்கற்களைப் பற்றி 1902இல் லண்டன் புவியியற் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் அதிபராக இருந்து, சுத்தியும் கையுமாக இந்த மலைகளை அளந்து திரிந்தார். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாய் அலைந்த அந்த நாட்களிலேதான், கண்டிச் சிற்பிகளையும் நெசவாளர்களையும் அவர் நெருங்கி அறிந்தார். கலைஞானியை நமக்குத் தந்ததில் கண்டிச் சலவைக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

கடலோரத்தில் வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு பவளமும் சிப்பியும் சுட்டதாக இருக்க, கண்டியிலும் மாத்தளையிலும் அது சூளையிலிட்ட சலவைக்கல்லாகவே இருந்துவந்திருக்கிறது. தேயிலை மண்ணின் புளிப்பை மாற்றத் தூவும் டொலமைட்டுத் தூளும் அதன் இனமே. ஆனால் தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பெயர்த்தெடுத்த வழக்கம் கரைக்கே உலைவைத்தது. அலையைத் தடுத்த பாறையும் போயிற்று, மணலைத் தந்த பாறையும் போயிற்று. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் அதனைத் தடுக்கவேண்டியதாயிற்று. 1998இல் கடல்நீர் மிதமிஞ்சிச் சூடேறியபோது ஹிக்கடுவையின் பவளம் பெரும்பாலும் வெளுத்து மடிந்தது. திருகோணமலைப் பக்கத்துப் பவளம் அந்த ஆண்டில் பெரிதும் தப்பியதை நாட்டின் பாக்கியமென்றே கொள்ளவேண்டும்.

படிக மணலுக்கு நேர்ந்த இடையூறு மலைநாட்டிலேயே தொடங்குகிறது. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு சித்திரையில் திறக்கப்பட்டது. அதன் கீழே ரந்தெனிகலவும் ரந்தம்பையும் எழுந்தன. இந்த அணைகள் ஒளியும் நீரும் தருகின்றன. அவற்றைக் குறைகூறுவது நன்றியாகாது. ஆனால் ஓடிவந்த ஆறு தேக்கத்தின் நிலைநீரில் நுழைந்த கணமே தன் வேகத்தை இழந்து, தூக்கி வந்த மணலை அங்கேயே இறக்கிவிடுகிறது. வறட்சியில் நீர் வற்றி, மூழ்கிப்போன பழைய தெல்தெனியவின் சுவர்கள் தலைகாட்டும் போது, ஓடைகள் தேக்கத்தில் புகும் வாய்களிலே படிந்து கிடக்கும் மணற்பரப்பைப் பார்த்தால், கடலுக்குப் போகவேண்டிய எவ்வளவு பொருள் இங்கே தங்கிவிட்டது என்று நெஞ்சு துணுக்குறும். மகாவலி சேராத மேற்குக் கரையிலும் மணல் வரத்துக் குன்றியதன் விளைவாக, 2020ஆம் ஆண்டில் கல்கிசையிலும் களுத்துறையின் கலிடோ கரையிலும் கடலடி மணலை இயந்திரத்தால் இறைத்துக் கொட்டிக் கரையமைக்க நேர்ந்தது. கல்கிசையில் கொட்டிய மணலில் ஒரு பகுதியை அலைகள் சில வாரங்களுக்குள் வாரிக்கொண்டு போயின.

கிழக்குக் கரைக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஹீன் கங்கை அம்மூன்று அணைகளுக்கும் கீழே வந்து மகாவலியில் சேருவதால், தும்பறையின் கீழைச் சரிவில் உதிரும் மணலை அவ்வணைகள் தடுப்பதில்லை. மீமுறையிலிருந்து புறப்படும் அந்த மணல் சமவெளியைக் கடந்து மனம்பிட்டியை அடைகிறது. அங்கே கட்டடங்களுக்காக லொறிகள் அதற்குக் காத்து நிற்கின்றன. ஆற்றுமணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வழங்குவோர், ஆற்றங்கரை இடிகிறதா, பாலத்தின் கால் அரிக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஓராண்டில் மலையிலிருந்து எவ்வளவு மணல் வருகிறது என்பதை மனம்பிட்டியிலேயே அளந்து, வருவதில் ஒரு நிச்சயமான பங்கை வெருகல் வாய்க்கும் மூதூர்க் கரைக்கும் என ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கே அனுமதி தரவேண்டும். அவ்வளவைச் செய்வதற்கு வேண்டிய நீரியல் அறிவும் கருவிகளும் இன்று நாட்டில் இருக்கின்றன.